முதலாளி மறைந்த புராணம்

கூலித் தகராறில் முதல் பாதிக்கப்பட்டவர் சிவபெருமான். வைகை கரை உடைத்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து நின்றார். பேசிய கூலி உதிர்ந்த பிட்டு. அதாவது கடையில் விலைபோகாத சேதாரச் சரக்கு. அன்றைக்குக் கிழவி அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அருள் என்கிறது புராணம். கூலி பேசுவதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம் என்கிறேன் நான்.

வந்தவர் பிட்டைத் தின்றார், பாடினார், ஆடினார், மரத்தடியில் படுத்துத் தூங்கினார். மேற்பார்வைக்கு வந்த பாண்டியன் பிரம்பால் ஒன்று போட்டான். அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. பாண்டியன் முதுகும் தப்பவில்லை.

பக்தர்கள் இதில் திருவிளையாடலைக் காண்பார்கள். லேபர் கோர்ட் வக்கீல் கண்ணுக்குத் தெரிவது வேறு. கூலி கொடுத்தது கிழவி. வேலை நடந்தது அரசன் கரையில். அடித்தவன் அரசன். அப்படியானால் அந்த ஆளுக்கு முதலாளி யார்? பாண்டியன் தரப்பு வக்கீலுக்கு நல்ல கேஸ்தான். 'வருகைப் பதிவேடு இல்லை, வேலை நேரம் இல்லை, பாட்டும் கூத்தும் அவர் இஷ்டம். எனவே கனம் கோர்ட்டார் அவர்களே, இவர் சுயதொழில் செய்யும் ஒப்பந்ததாரர்.' எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு சாட்சியம் போதும். பிரம்பு. ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ்தான் அனுப்புவார்கள். பிரம்பை எடுப்பது ஆளுக்கு. முதலாளி யார் என்று தெரிந்த அதே நொடியில் நஷ்டஈடு அவர் முதுகிலேயே விழுந்த வழக்கு உலகத்தில் அது ஒன்றுதான். அப்பீலும் கிடையாது.

அதற்குப் பின் நடந்த கதையெல்லாம் ஒரே சூத்திரத்தில் அடங்கும். ஆளைக் கட்டிப்போட வேண்டிய காலத்தில் 'இவன் என் ஆள்' என்பார்கள். ஆளுக்காகக் கட்ட வேண்டிய காலம் வந்தால் 'இவர் யாரென்றே தெரியாது' என்பார்கள்.

என் ஆள் படலம்

இங்கிலாந்தில் கொள்ளைநோய் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சிய உழவாட்களுக்குக் கிராக்கி ஏறியது. கூலி கூடக் கேட்டார்கள். 1351இல் பார்லிமென்ட் சட்டம் போட்டது: நோய்க்கு முன் என்ன கூலியோ அதே கூலிதான், மேலே கேட்டால் தண்டனை. சந்தை விலை என்பது விற்பவருக்கு மட்டும்; வியர்வைக்குக் கிடையாது.

அதே சரக்கு கப்பலேறி இங்கே வந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். அவர் சொல்லியும் வேலையை முடிக்கவில்லை, பணத்தையும் திருப்பவில்லை என்றால் மூன்று மாதம் வரை சிறை. கடன் வாங்கிய ஜமீன்தார் திருப்பித் தராவிட்டால் சிவில் வழக்கு; பத்து ரூபாய் அட்வான்ஸ் வாங்கிய கொத்தனார் வராவிட்டால் கம்பி. அந்தக் காலத்தில் ஒரு முதலாளியாவது 'இவர் என் ஆள் இல்லை, தனியாகத் தொழில் நடத்தும் பிரமுகர்' என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருப்பாரா? 'என் ஆள், என் ஆள்' என்று மார்தட்டி, காலில் விலங்கு மாட்ட ஆள் அடையாளமும் காட்டியிருப்பார். இந்தச் சட்டத்தை ஒழிக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே, 1880இல், 'ஆள்' என்றால் யார் என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றம் ஓர் இலக்கணம் சொன்னது. தொழிலாளி நலனுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுவரிக்காக. கடை, கிடங்குகளில் காவலுக்கு ஒரு வேலைக்காரர் மட்டும் குடியிருந்தால் வீட்டுவரி கிடையாது. ஒரு வியாபாரி தன் கட்டடத்தில் ஆண்டுக்கு 150 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தாவைக் குடிவைத்துவிட்டு, 'இவர் என் வேலைக்காரர்தான், வரியைத் தள்ளுங்கள்' என்றார். நீதிபதி பிராம்வெல் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதிலும் எஜமான் சொல்படி நடப்பவர்தான் வேலைக்காரர் என்று விளக்கம் தந்தார். வரியை மிச்சம் பிடிக்க ஒருவர் போட்ட கணக்கிலிருந்து பிறந்த அந்த விளக்கத்தைத்தான் அடுத்த நூறு ஆண்டு உப்பளத்திலும் பீடிக்கடையிலும் தையல் கடையிலும் வைத்து அளந்தார்கள்.

உப்புப் படலம்

பிறகு காலம் கெட்டுப்போனது. முதலாளிகளுக்குத்தான். 1923இல் விபத்து நஷ்டஈட்டுச் சட்டம், 1947இல் தொழில் தகராறுச் சட்டம், 1948இல் தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஈ.எஸ்.ஐ. மூன்றும், 1952இல் பி.எஃப். ஒவ்வொன்றும் 'உன் ஆளுக்கு நீ கொடு' என்றது. உடனே நாடு முழுக்க ஓர் அதிசயம். நேற்றுவரை ஆளாக இருந்தவர்கள் ஒரே இரவில் தொழிலதிபர்கள் ஆனார்கள்.

கட்ச் வளைகுடா ஓரத்து ரண் பாலைவனத்தில் உப்பு விளைத்த அகரியாக்கள் அப்படி உயர்ந்தவர்கள். தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனி நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்தது. ஆரம்பச் செலவுக்கு 400 ரூபாய். அக்டோபரில் தொடங்கி ஜூன் வரை அகரியா குடும்பத்தோடு கிணறு தோண்டி, உவர்நீர் இறைத்து, உப்பு விளைக்க வேண்டும். கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, தேறிய உப்புக்கு மணங்கு ஒன்றுக்கு ஐந்தணா ஆறு பை. தேறாத உப்புக்குக் கூலி கிடையாது. அதையாவது அகரியா வெளியே விற்கலாமா என்றால் கூடாது. அதுவும் கம்பெனி உப்பு.

1950இல் தகராறு கிளம்பியதும் கம்பெனி சொன்னது: 'இவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்ல. வருகைப் பதிவு இல்லை. எப்போது வந்தாலும் போனாலும் நாங்கள் கேட்பதில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் ஒப்பந்ததாரர்கள்.' யோசித்துப் பாருங்கள். தான் விளைத்த சரக்கில் ஒரு பிடியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய் ரசத்தில் போட உரிமையில்லாத தொழிலதிபர்!

1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அகரியாக்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பளித்தது. மனைவி மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டதால் ஒருவர் கம்பெனி நடத்துகிறவர் ஆகிவிடமாட்டார். தானும் இறங்கி வேலை செய்பவர் தொழிலாளிதான். பிராம்வெல்லின் இலக்கணத்தைத் தூக்கிப்போடவில்லை. தொழிலுக்குத் தொழில் கண்காணிப்பின் வடிவம் மாறும் என்று கொஞ்சம் நெகிழ்த்திக் கொடுத்தார்கள். ரண் பாலைவன வெயிலில் பக்கத்திலேயே நின்று உத்தரவு போட எந்த மேனேஜர் வருவார்?

பீடிப் படலம்

உப்பு ஒரே வழக்கில் கரைந்தது. பீடி அப்படியல்ல, முப்பது ஆண்டு புகைந்தது.

இலையை நனைத்து, தகட்டு அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம், கட்டடமும் வேண்டாம். மடியில் ஒரு தட்டு இருந்தால் அதுதான் தொழிற்சாலை. இதைவிடச் சௌகரியமான தொழில் முதலாளிக்கு வாய்க்குமா? தொழிற்சாலையே இல்லாதபோது தொழிற்சாலைச் சட்டம் எங்கே வந்து உட்காரும்?

முதல் சுற்று, மத்தியப் பிரதேசம். பீடிக் கம்பெனிக்குள் இன்ஸ்பெக்டர் நுழைந்தார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பதிவேட்டில் இல்லை. வழக்குப் போட்டார். கம்பெனியோ, 'இவர்கள் சட்டேதார்கள். எங்களிடம் தூள் வாங்கிப்போய் எங்கேயோ பீடி சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைக்கும் கான்ட்ராக்டர்கள்' என்றது. 1958இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. சட்டேதார் ஒப்பந்ததாரரே என்றார் நீதிபதி சுப்பாராவ். நாடெங்கும் பீடி முதலாளிகள் நிம்மதியாகப் புகைவிட்டார்கள், சிகரெட்டாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் சுற்று, நாக்பூர். இங்கே ஆட்கள் கம்பெனிக்கு வந்துதான் சுற்றினார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். ஆனால் நடுப்பகல் தாண்டி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. முழுச் சுதந்திரம்தான், பன்னிரண்டு மணி வரை. தரம் சரியில்லாத பீடியைக் கழித்துவிடும் உரிமை கம்பெனிக்கு. மூன்று பேர் எடுத்த விடுப்புக்குச் சம்பளம் கேட்டதில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1961இல் 'இவர்கள் தொழிலாளிகளே' என்று முடிந்தது.

மூன்றாம் சுற்று, நாசிக் பக்கத்துச் சின்னர். அதே இலை, அதே தூள், அதே நூல், ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற அதே கூலி. இங்கேயும் ஆள் கம்பெனியில் உட்கார்ந்துதான் சுற்றினார். தீர்ப்பு மட்டும் வேறு. எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்பதால் இவர் தொழிலாளி அல்ல என்றது பெரும்பான்மை. மாற்றுத் தீர்ப்பு எழுதி, இவர் தொழிலாளிதான் என்று வாதாடியவர் யார் தெரியுமா? முதல் சுற்றில் சட்டேதாரை ஒப்பந்ததாரர் ஆக்கிய அதே சுப்பாராவ். ஆக, சில மாத இடைவெளியில், நாக்பூரில் பீடி சுற்றினால் தொழிலாளி, சின்னரில் சுற்றினால் சுதந்திர மனிதர். இதில் நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 'எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்' என்று கேட்டால், இருபது வருஷமாக பீடி சுற்றும் ஒருவருக்கு அதைப் பற்றி யார் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? முதலாளியை உட்காரவைத்து ஒரு பீடி சுற்றச் சொன்னால் அது பீடியாகவும் இருக்காது, கொழுக்கட்டையாகவும் இருக்காது.

நான்காம் சுற்று நம் சென்னை மாநிலம். இங்கத்திய மூளை கொஞ்சம் கூர்மை. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓர் 'ஒப்பந்ததாரரை' நட்டார்கள். கம்பெனி அவருக்கு இலையும் தூளும் 'விற்கும்'. அவர் ஆள் வைத்துச் சுற்றி, பீடியைக் கம்பெனிக்கே 'விற்பார்'. இலை, தூள் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி கொடுக்கும். இரண்டு பக்கத்து விலையையும் நிர்ணயிப்பது கம்பெனி. கணக்குப் புத்தகத்தில் கொள்முதல், விற்பனை, வரவு, செலவு என்று ஒரே வியாபார மயம். திவான் மொகிதீன் சாகிப் கம்பெனி வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்ததாரர்களை உற்றுப் பார்த்தது. அவர்கள் பரம ஏழைகள், எல்லா விஷயத்திலும் கம்பெனியின் கைக்குள் இருப்பவர்கள். விற்பது வாங்குவது எல்லாம் வேஷம். நடுவில் நின்றவரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பின்னால் முதலாளி பத்திரமாக ஒளிந்திருந்தார்.

ஊருக்கு ஒரு தீர்ப்பு என்று போனால் சரிப்படாது என்று பார்லிமென்ட் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அதில் எழுதியே வைத்தார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்றும் ஒரு வழக்கு. 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் அது செல்லும் என்றாயிற்று. அப்புறம் பி.எஃப். 'வீட்டில் சுற்றுபவருக்குமா?' என்று கேட்டுக்கொண்டு மறுபடி டெல்லிக்கு ரயில் ஏறினார்கள். 1985இல் வந்த பதில், அவர்களுக்கும்தான் என்றது. காரணம்தான் முக்கியம்: சுற்றிக் கொண்டுவந்த பீடியில் நல்லது பொல்லாததைப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துத் தள்ளும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறதே, அந்த உரிமைதான் கண்காணிப்பு.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடிக்கடை வரிசையில் நின்ற பெண்களுக்கு இந்த ஞானம் உச்ச நீதிமன்றத்துக்கு முன்பே உண்டு. ராத்திரி கண்விழித்துச் சுற்றிய கட்டை மேஜையில் வைப்பார்கள். செக்கர் கையைவிட்டு ஒரு பிடி எடுப்பார். அமுக்கிப் பார்ப்பார். சிலதை ஒரு பக்கம் தூக்கிப் போடுவார். அந்த நேரத்தில் முதலாளி யார் என்ற சந்தேகம் எந்தப் பெண்ணுக்கும் வந்திருக்காது. பிரம்பு இருந்த இடத்தில் இப்போது செக்கர் விரல்.

தையல், கயிறு, லாரிப் படலம்

ஆந்திராவின் சில்வர் ஜூபிலி தையல் கடைக்காரரும் அதே ராகம்தான் பாடினார். 'டெய்லர்கள் உருப்படிக் கணக்கில் தைக்கிறார்கள். வராவிட்டால் லீவு லெட்டர் தேவையில்லை. சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப் போகிறார்கள். இவர்கள் எப்படி என் ஊழியர்கள்?' எல்லாம் உண்மை. ஆனால் தையல் மெஷின் கடையுடையது. தைத்தது பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கச் சொல்வதும் கடை. 1973இல் நீதிபதி மாத்யூ, கண்காணிப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது, பல அம்சங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர்களை ஊழியர்கள் பட்டியலில் சேர்த்தார். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தையல் கடைப் பக்கம் போனவர்கள், அங்கே 'சுதந்திரம்' எப்படி இருக்கும் என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

கோழிக்கோட்டுக் கயிற்று ஆலையில் 29 பேருக்கு வேலை மறுத்துவிட்டு, 'அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள்' என்றார் உரிமையாளர். 1978இல் அந்த வழக்கு நீதிபதி கிருஷ்ணய்யரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதும் ஆங்கிலத்தைப் படிக்க ஆங்கிலேயர்களே அகராதி தேடுவார்கள். ஆனால் இந்தத் தீர்ப்பின் சாரம் பச்சைத் தமிழில் அடங்கும். யார் நினைத்தால் இவன் பிழைப்பில் மண் விழுமோ, அவர்தான் முதலாளி. நடுவில் எத்தனை கான்ட்ராக்டர், எத்தனை காகிதம் இருந்தாலும் திரையை விலக்கிப் பார்.

வெள்ளைக்காரன் நம்மைவிடக் கெட்டிக்காரன் என்று நம்புபவர்களுக்காக ஒரு லாரிக் கதை. இங்கிலாந்தில் ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் கம்பெனி, டிரைவர்களை 'லாரி உரிமையாளர்கள்' ஆக்கியது. கம்பெனி ஏற்பாட்டிலேயே தவணையில் லாரி வாங்க வேண்டும். லாரிக்குக் கம்பெனி வண்ணம் அடிக்க வேண்டும். கம்பெனி யூனிஃபார்ம் போட வேண்டும். கம்பெனி அதிகாரி இடும் நியாயமான உத்தரவை எல்லாம் 'ஊழியரைப் போலவே' நிறைவேற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதே ஒப்பந்தத்தில் அவர் சுதந்திர ஒப்பந்ததாரர் என்றும் எழுதியிருந்தது. நீதிபதி மெக்கென்னா நிதானமாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஆமாம், சுதந்திர ஒப்பந்ததாரர்தான் என்றார். அவர் வகுத்த அளவுகோலை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பாவம், அந்த டிரைவருக்குச் சுதந்திரமாக மிஞ்சியது தவணை கட்டும் சுதந்திரம்தான்.

ஆப் படலம்

இப்போது முதலாளி முழுசாக மறைந்துவிட்டார். மேஜை இல்லை, செக்கர் இல்லை, பிரம்பு இல்லை. போன் மட்டும்.

லண்டனில் உபர் சொன்ன கதை இது: நாங்கள் டாக்சி கம்பெனியே அல்ல, ஒவ்வொரு டிரைவரும் ஒரு தனி வியாபாரி, நாங்கள் அவருக்குச் சவாரி பிடித்துத் தரும் ஏஜென்ட். லண்டன் நகரில் 30,000 சின்னச் சின்னக் கம்பெனிகள் ஒரே ஆப்பில் கைகோத்து நிற்கின்றன என்பதைக் கேட்டு 2016இல் அங்குள்ள தொழிலாளர் தீர்ப்பாயமே லேசாகச் சிரித்துவிட்டது. 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் டிரைவர்கள் பக்கம் நின்றது. சவாரிக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்க முடியாத வியாபாரி எங்கே உண்டு? வாடிக்கையாளர் போடும் நட்சத்திரம் குறைந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்களே, அது என்ன ஏஜென்ட் வேலை? குறைந்தபட்ச ஊதியமும் விடுப்புச் சம்பளமும் பெறும் வகையைச் சேர்ந்தவர்கள் அவர்கள் என்றாயிற்று. கலிபோர்னியாவில் ஆப் கம்பெனிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நீதிமன்றமும் சட்டசபையும் டிரைவரை ஊழியர் என்று சொல்லிவிட்டதும், 2020இல் நேராக வாக்காளரிடம் போய், 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஓட்டுப் போட வைத்து, 'ஊழியர் அல்ல' என்று சட்டம் வாங்கிக்கொண்டார்கள். ஊழியருக்குக் கொடுக்க மட்டும் காசில்லை.

நம் நாட்டில் உப்பு, பீடி, துணி, கயிறு என்று இத்தனை வழக்குப் பார்த்த பிறகு, இரண்டு பெட்டியில் எதில் போடுவது என்ற சண்டையே வேண்டாம் என்று மூன்றாவது பெட்டி செய்துவிட்டார்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் வருகிறார் 'கிக் தொழிலாளி'. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று அவருக்கு விளக்கம். ஆப் நடத்தும் கம்பெனி அவருக்கு முதலாளி அல்ல. ஆனாலும் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும், அதுவும் தொழிலாளிகளுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். சட்டம் புத்தகத்தில் ஐந்து வருஷம் ஊறிக் கிடந்துவிட்டு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தது. வாரியமும் நிதியும் வந்தது நல்லதுதான். அறுபது வருஷமாக நீதிமன்றங்கள் திரையை விலக்கி விலக்கி வெளியே இழுத்துவந்த முதலாளிக்கு, சட்டமே புதிதாக ஒரு திரை தைத்துக் கொடுத்ததுதான் கொஞ்சம் இடிக்கிறது. கூலி அந்தத் திரைக்கு உள்ளே இருந்துதான் வருகிறது, ஐ.டி.யை முடக்கும் விரலும் அங்கேதான் இருக்கிறது.

தெருவுக்குத் தெரு விளம்பரம் கூப்பிடுகிறது: 'நேரம் உங்களுடையது, வண்டி உங்களுடையது, நீங்களே முதலாளி.' நேரமும் வண்டியும் நம்முடையதுதான். பெட்ரோலும் பஞ்சரும்கூட நம்முடையதுதான். மூன்றாவது வாக்கியத்தைச் சோதிக்க வக்கீல் தேவையில்லை. ஒரே ஒரு நாள், டெலிவரிக்கு இவ்வளவு என்று ரேட்டை நீங்களாக ஏற்றிச் சொல்லிப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் முதலாளி யார் என்று தெரிந்துவிடும்.